கலர் பாட்டிலும் காணாமல்போன ஊசி முனையும்

"காலுக்குள்ள ஊசி ஏறிக் கெடக்குது, அது தெரியாம நீ என்னதான் பண்ணீட்டு இருந்தே?"

என்னைப் பார்க்க வந்தவர்களில் இதைக் கேட்காத ஆளே இல்லை. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

என் பெயர் பூங்கொடி. பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். எனக்குச் சோறு போடுவது எது என்று கேட்டால் கை என்று சொல்ல மாட்டேன், வலது கால் என்றுதான் சொல்வேன். கை துணியைத் தள்ளிக் கொடுக்கும், அவ்வளவுதான். பெடலை மிதித்து மெஷினை ஓட்டுவது கால். அந்தக் கால்தான் போக இருந்தது. போகாமல் நின்றதற்கு நிறையப் பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டிலில் வருகிற இனிப்புத் தண்ணீர் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கலர். பொங்கலூர்ப் பக்கம் நான் சிறுமியாக இருந்தபோது, வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால்தான் அதைக் கண்ணால் பார்க்க முடியும். வந்தவர்கள் பாட்டில் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பது மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று அந்த மிச்சத்துக்காக நாங்கள் காத்திருப்போம். ஒரு சொட்டு வைக்காமல் உறிஞ்சிவிட்டுப் போகிற சித்தப்பா ஒருவர் இருந்தார். அவர் செத்தே பல வருசம் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நோம்பி, பண்டிகை என்று வந்தால் அரைப் பாட்டில் கிடைத்தால் அதிகம். அதனால் அன்றைக்கு அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

கம்பெனிக்கு வந்த பிறகு கதை மாறியது. சம்பளம் என் கையில், கடை கம்பெனி கேட்டுக்கு எதிரில். எங்கள் வேலை பீஸ் ரேட். எத்தனை உருப்படி தைக்கிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. தண்ணீர் குடிக்க எழுந்து போனால் அந்த நேரத்துக்கு உருப்படி குறையும். அதனால் ஆளுக்கொரு பாட்டில் மெஷினுக்குக் கீழே, வெட்டுத் துணிக் கூடைக்குள் ஒளிந்திருக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியும், தெரியாத மாதிரி போவார். என் பாட்டிலில் தண்ணீர் இருந்ததே கிடையாது. கலர்தான். ஷிப்மென்ட் நெருங்கி ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் முதலாளியே பெரிய பாட்டில்களும் பரோட்டாவும் வாங்கி அனுப்புவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் தள்ளுவண்டிக் கடையில் ஃப்ரைட் ரைஸ், இல்லாவிட்டால் காளான். அந்தக் காளானில் காளானைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம், முக்கால்வாசி முட்டைக்கோசுதான். ஆனாலும் அந்த வாசம் வந்தால் என் கால் தானாக அங்கே திரும்பிவிடும்.

போன வருசம் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சாதாரணத் தாகம் இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற தாகம். தாகம் எடுக்க எடுக்கக் கலர் குடித்தேன். குடிக்கக் குடிக்க மறுபடி தாகம் எடுத்தது. ஆளும் இளைத்தேன். "ஏனுங்க்கா, சிக்குனு ஆயிட்டீங்க, என்ன ரகசியம்?" என்று லைனில், எங்கள் மெஷின் வரிசையில், கேட்டார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்! பாதம் இரண்டும் மதமதவென்று இருந்தது. வருசக்கணக்காகப் பெடல் மிதித்தால் மரத்துப்போகாதா என்று விட்டுவிட்டேன்.

இனி ஊசிக்கு வருகிறேன்.

அன்றைக்கு எங்கள் லைனில் ஓடியது கைக்குழந்தைகளுக்கான உடுப்பு, வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. குழந்தை உடுப்பு என்றால் எங்கள் எல்லோருக்கும் பயம்தான். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிச் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும், அது ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். தடித்த மடிப்பு ஒன்றில் ஏறும்போது என் ஊசி பட்டென்று உடைந்தது. தலைத் துண்டு கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது, முனையைக் காணோம்.

சூப்பர்வைசர் சண்முகம் என்னைவிட வயதில் சின்னவர். கோபம் வந்தாலும் 'அக்கா' போட்டுத்தான் திட்டுவார்.

"முனை எங்கீங்க்கா?"

"இங்கதானுங்க எங்கியாச்சும் இருக்கோணும்."

"எங்கியாச்சும்னா? கொழந்த முதுகுலயா இருக்கோணும்?"

காந்தத்தை எடுத்து வந்தார். மெஷின் மேலே, கீழே, தரையில், துணிக் கூடையில், என் மடியில், கடைசியில் என் தலைமுடியில்கூட ஓட்டிப் பார்த்தார். தைத்த உருப்படிகளை ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் ஒவ்வொன்றாக விட்டு எடுத்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அந்த உருப்படிகளை மட்டும் தனி மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்தார்கள். "முனையத் தின்னு கின்னு போட்டீங்களாக்கா?" என்று சண்முகம் கேட்டபோது லைனே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மெஷினில் உட்காருவோம். எல்லா இடத்திலும் ஓடிய காந்தம் என் உள்ளங்காலுக்கு அடியில் மட்டும் ஓடவில்லை. யாருக்குத் தோன்றும்? கால் என்னுடையது, எனக்கே தோன்றவில்லையே.

சில நாள் கழித்து வலது கால் மெட்டி இறுக ஆரம்பித்தது. வலி இல்லை, அதனால் பயமும் இல்லை. மெட்டிக்குக் கீழே எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். காய்ச்சல் மாதிரி இருந்தது, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் இருக்கும் மெஷினில் தைக்கிற ராஜாத்தி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தவள், கீழே குனிந்து பார்த்துக் கத்திவிட்டாள்.

"என்னக்கா இது, பெடல் பூரா ரத்தமாக் கெடக்கு!"

"யாருது?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"யாருதா? ஒங்க காலுதான்க்கா!"

குனிந்து பார்த்தேன். விரல் கறுத்து, ரத்தமும் சீழுமாக இருந்தது. அதைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே சாய்ந்துவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும். கம்பெனிகளில் யாராவது மயங்கினால் ஒரே வைத்தியம்தான். ஒருத்தி குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இன்னொருத்தி ஜில்லென்ற கலரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். "குடிங்க்கா, குடிங்க்கா, பிரஷர் எறங்கிப் போச்சு" என்று தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினார்கள். அமிர்தமாக இருந்தது. முழுதும் குடித்தேன்.

கம்பெனி வேனில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, சர்க்கரை அளக்கிற மீட்டரில் வைத்தார்கள். அந்த மீட்டருக்கு எண் காட்டவே முடியவில்லை, அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று மட்டும் காட்டியது. அங்கே இருந்த பெண் டாக்டர், "வரும்போது ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். கூட வந்த சண்முகம் பெருமையாகவே சொன்னார்: "வெறுமனே கூட்டியாருவமுங்களா டாக்டர்? குளுக்கோசும் குடுத்து, மேல கலரும் குடுத்துத்தானுங்க கூட்டியாந்தோம்." டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவர் பிறகு எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து வழிந்தாலும் அதை உடம்பு எடுத்துச் செலவழிக்க இன்சுலின் என்கிற ஒன்று வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன் என்ற கழிவு சேர்ந்து ரத்தம் புளித்துப்போகும், மாவு புளிக்கிற மாதிரி. மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிட உடம்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதுதான் அந்தத் தாகம். "தாகம்னு தண்ணி கேட்ட உடம்புக்கு நீங்க மறுபடியும் சர்க்கரையவே குடுத்திருக்கீங்கம்மா" என்றார். கெரகம், இதைச் சொல்ல ஒரு ஆள் முன்னமே வந்திருக்கக் கூடாதா!

மெட்டியைக் கழற்ற முடியவில்லை. வீங்கிய விரலில் அது புதைந்து கிடந்தது. மோதிரம் வெட்டுகிற சின்னக் கருவியால் நறுக்கி எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் வேலுச்சாமி, விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தம், அதனால் அவர் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும். வெட்டிய மெட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல புள்ள, சர்க்கரதானாம்!" என்று அவர் சொன்ன ரகசியம் வெளியே ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காய்ச்சலும் மயக்கமும் தெளிந்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் நூல் ஒன்றால் என் உள்ளங்காலை அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. நான் ஒவ்வொரு தடவையும் "இன்னும் தொடலீங்களே" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் நூல் காலில் அழுந்தி வளைந்திருந்தது. நாள் முழுக்க நூலோடு கிடக்கிற எனக்கு அந்த நூல் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவது விரலின் அடியில் வெள்ளையாக, சின்னதாக, கூர்மையாக ஒரு கோடு.

"ஊசி ஏதாவது குத்துச்சாம்மா?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை வருசமாகப் பார்க்கிற முனை! "அய்யோ, இத அவுங்க தேடாத எடமில்லீங்க டாக்டர்!" என்று கத்திவிட்டேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "மாமா, மொதல்ல சண்முகத்துக்குப் போன் பண்ணுங்க. கொழந்த துணில இல்லியாம், எங்கால்ல இருக்குதாம்னு சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சர்க்கரை மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று கேட்பது தெரிந்தது.

டாக்டர் பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஊசி ஏறிய இடத்தில் சீழ் பிடித்து அந்த விரலின் எலும்பு அரித்துவிட்டது. விரலை எடுத்தே ஆக வேண்டும். அதோடு நிற்குமா என்பதுதான் கேள்வி. பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போய்க்கொண்டிருந்தால் புண் ஆறும், ஒரு விரலோடு முடிந்துவிடும். போகாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும். அதைப் பார்க்க டாப்ளர் என்று ஒரு சோதனை, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கலாம் என்றார்.

"பாதம் போனா பெடல் மிதிக்க முடியுங்களா டாக்டர்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மொதல்ல டெஸ்டைப் பாத்துருவோம்மா" என்றார்.

அந்தச் சோதனை அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக் காத்திருந்தது போல ஒரு காத்திருப்பு இனி யாருக்கும் வரக் கூடாது. வரிசையில் எல்லோருமே காலில் கட்டுப் போட்டவர்கள். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். வேறு எதுவும் தெரியாது. வெள்ளகோவில் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது வானம் பார்த்த துண்டு நிலம், அதில் எள்ளுகூட ஒழுங்காக முளைக்காது. உள்ளுக்குள் இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் குனிந்து காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னார்:

"பயப்படாத புள்ள! கால் போனாப் போகுது! நான் உன்னத் தூக்கீட்டே திரியறேன்!"

வராண்டா முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மொதல்ல சத்தத்தக் கொறைங்க மாமா" என்றேன், ஆனால் மனசு கொஞ்சம் லேசானது நிஜம்.

உள்ளே, காலில் ஜில்லென்று ஏதோ பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார் சோதனை எடுக்கிற ஒரு தம்பி. கணுக்காலில் வைத்தார், சத்தமே இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார், அங்கேயும் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மாகாளியாத்தா, உனக்குப் பொங்கல் வைக்கிறேன், ஒரு சத்தம் கொடு என்று வேண்டினேன். அவர் இன்னும் சற்று நகர்த்தினார். 'விஷ்க்... விஷ்க்... விஷ்க்...' என்று பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், காது மந்தமான மனுசன், முதல் ஆளாக எழுந்து நின்றார். "தறி ஓடுது!" என்றார்.

"என்னங்க?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

"தறி ஓடுதுங்க! நிக்கலீங்க, ஓடுது!" என்று சொன்னவர் அப்படியே சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அந்தத் தம்பி பாவம், யாருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்கு. "ஏற்கெனவே மரத்துத்தானுங்களே கெடக்குது, எதுக்குங்க வீணா ஒரு ஊசி?" என்று கேட்டேன். டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. செத்த சதையை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து விரலை எடுத்தார்கள். எடுத்த முனையை எனக்குத் தரச் சொல்லி முன்பே கேட்டிருந்தேன். டாக்டர் அதைக் கழுவி, சின்ன பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் கொடுத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அப்படி எனக்குக் காலுக்கு வந்தது விரலோடு போயிற்று.

ஆனாலும் கட்டுப் பிரித்து முதன்முதலில் பார்த்தபோது தாங்கவில்லை. போனது மெட்டி போடுகிற விரல். சுமங்கலிக்கு இப்படி ஆகலாமா என்று விம்மி விம்மி அழுதேன். என் வீட்டுக்காரர் இடது காலைத் தொட்டுக் காட்டினார்.

"அதா அந்தக் கால்ல ஒண்ணு இருக்குதல்ல? ரெண்டு கால்லயும் போடறதுக்கு உனக்கென்ன ரெண்டு புருசனா?"

இதையும் ரகசியமாகத்தான் சொன்னார். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நர்ஸ் ஓடி வர வேண்டியதாயிற்று.

அந்த நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கம்பெனியிலிருந்து வந்தவர்கள், சொந்தக்காரர்கள், தறிப் பட்டறைக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் பன்னும் ஜூஸ் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். என் கட்டிலோரத்து அலமாரி நிறைந்துவிட்டது. குடிக்கவும் கூடாது, அன்போடு கொடுத்ததைக் கொட்டவும் மனசு வராது. என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில், கட்டில் கட்டிலாகப் போய் ஆளுக்கொரு பாட்டில் தானம் செய்துவிட்டார்.

அது முழுக்கச் சர்க்கரைக் கால் புண்காரர்கள் படுத்திருக்கிற வார்டு.

சத்தம் கேட்டு நான் விழித்தபோது, ஜெசிந்தா சிஸ்டர் கை நிறையப் பாட்டில்களோடு வார்டின் நடுவில் நின்றிருந்தார். "இது வார்டா, பொட்டிக் கடையா? நாங்க ஒரு பக்கம் சர்க்கரைய எறக்கறோம், நீங்க மறுபக்கம் ஏத்தி உடறீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புத்தானுங்க சாமி" என்று நின்றார். எதிர்க் கட்டில் பாட்டி மட்டும் தன் பாட்டிலைத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்த்தது. சிஸ்டர் அதையும் பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவரே கதவோரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "பாட்டில் உள்ள போகாது, நீங்க மட்டும் போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்சுலினை வயிற்றில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். முதல் தடவை ஊசியை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "எத்தன ஊசி மாத்தியிருப்பீங்க, இதுக்குப் போயி பயப்படறீங்களே" என்றார். அவர் சொன்ன பிறகு நானே போட்டுக்கொண்டேன்.

ராத்திரித் துணைக்கு என்னோடு தங்கியது என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் முறையில் நங்கையா. சாயங்காலமானால் பொங்கலூரிலிருந்து பஸ் ஏறி வருவார். தூக்குப் போசியில் கொள்ளுப் பருப்பு, கீரை, வேகவைத்த முட்டை, டம்ளரில் அளந்து போட்ட சோறு. இரவு தூக்கம் வராமல் நான் புரளும்போது வெட்கமில்லாமல் எனக்கு ஒரு நினைப்புத்தான் வரும், ஜில்லென்று ஒரு வாய் கலர். ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "எனக்கும்தான் ஆசயா இருக்குது கண்ணு" என்றார். "உன்ற ஊட்டுக்கு வாரப்பல்லாம் நீ வாங்கிக் குடுப்பியே. இனி நானும் தொடறதில்ல, போ." சொன்னவர் பானைத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு ஆற்றிக் கொடுத்தார். கலர் மாதிரி இல்லைதான். ஆனாலும் தம்பி பெண்டாட்டிக்காகத் தன் ஆசையை அப்படிப் பட்டென்று விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? சொந்தத்தில் எனக்கு அப்படி ஒரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வெளியே வாங்கிய மருந்துக்கும், புண்ணுக்குப் போடும் விசேஷக் கட்டுத் துணிக்கும், வேலைக்குப் போகாத வாரங்களுக்கும் முழி பிதுங்கியது உண்மைதான். தறி முதலாளி முன்பணம் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை ராஜாத்தி வந்து, லைனில் எல்லோரும் சேர்ந்து கொடுத்ததை என் கையில் திணித்தாள். "இந்த வாரம் ஒருத்தரும் தள்ளுவண்டிப் பக்கம் போகலக்கா, எல்லாம் ஒங்க காலுக்குத்தான்" என்றாள். லைனில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன்களும் பணம் போட்டிருந்தார்கள். என்னோடு அவர்கள் பேசியதுகூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகும் புண் ஆற மாசக்கணக்கானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. அது இறங்க இறங்கத்தான் புண்ணும் மூடியது. தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் குனிந்தால் தெரிவதில்லை. என் வீட்டுக்காரர்தான் டார்ச் அடித்துப் பார்த்து, "சுத்தம்!" என்று கத்துவார். பக்கத்து வீட்டில், "இன்னிக்கும் சுத்தமாம்" என்று பதில் குரல் வரும்.

டாக்டர் சம்மதித்த பிறகு கம்பெனிக்குப் போனேன். காலில் எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது. மெஷினிலும் அதைப் போட்டுக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். நான் வந்ததும் லைன் எழுந்து நின்றது. ஒருத்தி பழக்க தோசத்தில் பெரிய கலர் பாட்டிலும் காகித டம்ளர்களும் கொண்டுவந்துவிட்டாள். ராஜாத்தி அவளை ஒரு முறை முறைத்தாள், பாட்டில் வந்த வழியே திரும்பிப் போனது. லைனில் எல்லோரும் ஒரேயடியாகக் கலரை விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் சனிக்கிழமையானால் காளான் வாசத்துக்கு வாய் ஊறத்தான் செய்கிறது. ஆனால் தீராத தாகம் என்று யார் சொன்னாலும், இப்போது லைனில் முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

சண்முகத்திடம் புட்டியைக் கொடுத்தேன். அவர் பத்திரப்படுத்தியிருந்த இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்து, என் முனையையும் எடுத்து அவற்றோடு சேர்த்து வைத்தார். ஊசி முழுசாக இருந்தது.

"தின்னு போட்டீங்களான்னு கேட்டனுங்களேக்கா" என்றார்.

"கேட்டா என்னுங்க? எங்காலு தின்னது உண்மைதானுங்களே" என்றேன்.

நான் உட்காரப் போனேன். "இருங்க்கா" என்று தடுத்தார். இழுப்பறையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு என் மெஷினுக்குக் கீழே முட்டி போட்டார். பெடல் மேல், பெடலுக்கு அடியில், சுற்றியுள்ள தரையில் மெதுவாக ஓட்டினார். பிறகு என் செருப்பைத் தூக்கச் சொல்லி, அதன் அடியிலும் ஓட்டினார்.

"அன்னிக்கு வாங்கறவன் கொழந்தைக்காகத் தேடுனமுங்க. இனி தெனமும் உங்களுக்காக ஒருக்காத் தேடிப் போடறனுங்க்கா."

காந்தத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"உக்காருங்க்கா" என்றார்.

உட்கார்ந்து பெடலை மிதித்தேன். மிதிப்பது காலுக்குத் தெரியவில்லை. மெஷின் ஓடுவது காதில் கேட்டது.